ஒன்றுமில்லை என்று வந்த ரிப்போர்ட்

இயேசு மரி சூசை துணை

அம்பத்தூர்,
11.8.1996

அன்புள்ள மேரிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால் மீதியையும் படித்துவிடு. நீயும் ரோஸ்லினும் ஐயப்பன்தாங்கல் போய் ஒன்பது வருடம் ஆகிறது. உன்னைத் திரும்பி வரச் சொல்லி இதை எழுதவில்லை.

உடம்பு எப்படி என்று கேட்டுத்தான் கடிதம் ஆரம்பிக்க வேண்டும். இது முழுக்க என் உடம்பைப் பற்றியது என்பதால் அதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மூன்று இன்லேண்டு வீணாகிவிட்டது.

ஒரு வருடமாக எனக்கு ஒன்றுக்குப் போவதில் தொல்லை. வருகிற மாதிரி இருக்கும், போய் நின்றால் வராது. வந்தால் நிற்காது. இங்கே பன்னிரண்டு குடித்தனத்துக்கு இரண்டு கக்கூஸ். நான் உள்ளே போனால் வெளியே வாளியோடு நிற்கிறவர்கள், "இன்னா நைனா, உள்ளாறயே தூங்கிட்டியா?" என்று கதவைத் தட்டுவார்கள். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்தவத்சலம் என்பவர் பார்க்கிறார். என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, பின்னால் விரல் விட்டுப் பார்த்தார். அறுபது வயதாகப் போகிறது எனக்கு. அந்தச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்த இடமெல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மூத்திரப் பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம், ஆண்களுக்கு மட்டும். அது வீங்கியிருக்கிறது. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று பார்த்தார்கள். நாலுக்குள் இருக்க வேண்டியது எனக்குப் பதினொன்று. கேன்சராக இருக்கலாம், ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார். பயாப்ஸி என்று அதற்குப் பெயர்.

அதற்குக் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். "வீட்ல யாரும் இல்லையா?" என்று நர்ஸ் கேட்டாள். இருக்கிறார்கள் என்று வாயில் வந்துவிட்டது. 22ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. கையெழுத்துப் போட்டதும் நீ போய்விடலாம்.

நம்ப மாட்டாய் என்று தெரியும். அதற்கு நான் என்னென்ன செய்தேன் என்பதும் தெரியும்.

இப்படிக்கு,
பிரகாசம்


ஐயப்பன்தாங்கல்,
15.8.1996

ரோஸ்லின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இன்று மாதா திருநாள். பூசை முடிந்து வந்து, மனதை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

என் அப்பா இறந்த அன்று உங்களுக்குச் சொல்வதற்காக இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு ஓடி வந்தேன். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன், "அவரு வேலைய வுட்டுப் போயி பதினோரு மாசம் ஆவுதேம்மா" என்றான். பதினோரு மாதமும் நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துப் போய் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஷிப்டு முடிந்து களைத்தவர் போலச் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். பி.எஃப். பணத்தைச் சம்பளம் என்று என் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அப்பா செத்த துக்கத்தை அன்று அந்த வாட்ச்மேன் முன்னால் அழக்கூட முடியவில்லை எனக்கு.

நான் இங்கே வந்த மறுவருடம், அம்மை போட்டிருக்கிறது என்று ஆள் அனுப்பினீர்கள். வேப்பிலையும் இளநீரும் எடுத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்தேன். நீங்கள் முகம் மழித்து, வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். "இப்படிச் சொன்னாத்தானே நீ வருவே" என்று சிரித்தீர்கள்.

வியாழக்கிழமை வருகிறேன். கையெழுத்துக்கு மட்டும். ரோஸ்லினிடம் சொல்லவில்லை.

ரோஸ்லின் அம்மா


அம்பத்தூர்,
8.9.1996

அன்புள்ள மேரிக்கு,

அன்று கையெழுத்தோடு போய்விடுவாய் என்று நினைத்தேன். நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் வெளியே வந்தபோது வேட்டியில் பின்பக்கம் ரத்தம் கசிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. நீ கைப்பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினாய். இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நேற்று ரிப்போர்ட் வந்தது. ஆறு இடத்தில் எடுத்த சதையிலும் கேன்சர் இல்லை, வயதுக்கு வருகிற வீக்கம்தான் என்று போட்டிருக்கிறது. ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன்.

யாராக இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டிய காகிதம். பக்கத்துப் போர்ஷன் எத்திராஜ் அப்படித்தான் சொன்னார். "இன்னாண்ணாத்தே, ஒண்ணும் இல்லேன்னு எய்தியே குட்த்துட்டான். இன்னும் இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறே?" அவருக்கு என்ன தெரியும். காகிதத்தைக் கையில் வாங்கியதும் எனக்கு உன் முகம்தான் வந்தது. மறுபடியும் ஒன்றும் இல்லாததற்கு உன்னை வரவழைத்து உட்கார வைத்துவிட்டேன்.

டாக்டருக்கு மட்டும் திருப்தி இல்லை. வெறும் வீக்கத்துக்கு இந்த எண் அதிகம் என்கிறார். ஊசி படாத இடத்தில் நோய் இருந்தாலும் இப்படித்தான் ரிப்போர்ட் வருமாம். ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம். இதை உனக்கு எழுதும்போதே எப்படிப் படும் என்று தெரிகிறது. ரிப்போர்ட்டை மறைத்திருக்கலாம். மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பிரகாசம்


ஐயப்பன்தாங்கல்,
20.9.1996

ரோஸ்லின் அப்பாவுக்கு,

நோய் இல்லை என்றால் நல்லதுதான். அதற்குக் கோபப்பட நான் பைத்தியம் இல்லை.

ஆனால் ஒன்று. அன்று ரோஸ்லினிடம், தையல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை, வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்காக என் மகளிடம் நான் பொய் சொன்னேன். ரிப்போர்ட்டைப் படித்ததும் அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டாக்டர் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதை நான் எதிர்த்துப் பேசவும் இல்லை, நம்பவும் இல்லை.

ரோஸ்லினுக்குப் பூந்தமல்லியில் ஒரு இடம் பேசி முடித்திருக்கிறோம். வருகிற மே மாதம் கல்யாணம். நாம் பிரிந்திருப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கவில்லை. கோயிலில் தன்னைக் கைப்பிடித்து அழைத்துப் போக அப்பா வர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். பத்திரிகை வரும். அந்த ஒரு நாளாவது உடம்பைக் காரணம் சொல்லாமல் வந்து நில்லுங்கள்.

ரோஸ்லின் அம்மா


ஐயப்பன்தாங்கல்,
23.5.1997

ரோஸ்லின் அப்பாவுக்கு,

பீடம் வரை அழைத்து வந்தீர்கள். அந்த ஐந்து நிமிடம் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பிரசங்கம் நடக்கும்போது எழுந்து போனீர்கள். திரும்பி வரவே இல்லை. பூசை முடிந்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட, "பெண்ணின் தகப்பனார்" என்று சாமியார் மைக்கில் மூன்று முறை கூப்பிட்டார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சம்பந்தி அம்மா என் காதருகில், "குடிப்பாரோ?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். வேறு என்ன என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடைசியில் என் அண்ணன் போய்க் கையெழுத்துப் போட்டார். ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ரோஸ்லின் அம்மா


அம்பத்தூர்,
1.6.1997

அன்புள்ள மேரிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். என்னை ரோஸ்லின் குடிகாரன் என்று நினைத்துக்கொண்டிருப்பாளே என்ற எண்ணம் உட்கார விடவில்லை.

கல்யாணத்தன்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் நான் குடிக்கவில்லை, இந்தப் பயத்தில்தான். பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. முடியாமல் எழுந்தேன். கோயிலுக்குப் பின்னால் மாதா கெபியைத் தாண்டுவதற்குள் வேட்டியிலேயே போய்விட்டது. நீ வாங்கி அனுப்பியிருந்த பட்டு வேட்டி, முட்டிக்குக் கீழே வரை நனைந்து காலில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். சாமியார் கூப்பிட்டது கேட்டது. மூன்று முறையும் கேட்டது. அந்தக் கோலத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நடந்து வந்து பேனாவை வாங்க எனக்குத் தைரியம் இல்லை. குடித்துவிட்டுப் போனான் என்று நினைத்தால் நினைக்கட்டும், இதைப் பார்ப்பதற்கு அது தேவலை என்று தோன்றியது. கூட்டம் கலைந்த பிறகு பின்வாசல் வழியாகப் போனேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் இரண்டாவது பயாப்ஸி எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. பதினாறுக்கு ஏறியிருந்தது. உன்னைக் கூப்பிட வாய் வரவில்லை. எத்திராஜைத் தம்பி என்று சொல்லிக் கையெழுத்துப் போட வைத்தேன். பிரகாசம் தாவீதுக்கு எத்திராஜ் தம்பியா என்று அந்த நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். ரிப்போர்ட் வந்தது. அதிலும் கேன்சர் இல்லை.

டாக்டர் மூன்றாவது முறை பார்க்கலாம் என்கிறார். நான் போகப் போவதில்லை. இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதே எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டதாம். எனக்கே சந்தேகமாக இருக்கிறது மேரி. உள்ளே போய் நிற்கும்போது, நிஜமாகவே வரவில்லையா, இல்லை நான்தான் பாவனை செய்கிறேனா என்று கேட்டுக்கொள்கிறேன். ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் சில சாயங்காலம் உண்மையிலேயே தோள் வலிக்கும், எட்டு மணி நேரம் லேத்தில் நின்ற மாதிரி. அப்படிப்பட்ட ஆள் நான். இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன. அதையே நம்பிவிடலாம் என்று இருக்கிறேன்.

ரோஸ்லினிடம் வேட்டி விஷயத்தைச் சொல்லாதே. குடி என்றே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பிரகாசம்


ஐயப்பன்தாங்கல்,
21.6.1997

ரோஸ்லின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு டாக்டர் பக்தவத்சலத்தைப் பார்க்கப் போனேன். உங்களிடம் கேட்காமல் போனதற்குக் கோபப்படுங்கள், பரவாயில்லை.

எதற்காகப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். உள்ளே போனதும், "என் வீட்டுக்காரர் உங்களிடம் ஏதாவது சொல்லி வைத்திருக்கிறாரா, என்னைப் பயமுறுத்துவதற்கு?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

"அம்மா, உங்க வீட்ல கத்திரிக்காய் வாங்குவீங்க இல்ல? வெளியே பார்த்தா நல்லாத்தான் இருக்கும். அதை அறுக்காம, ஊசியால ஆறு இடத்துல மட்டும் குத்தி, புழு இருக்கா இல்லையான்னு உங்களால சொல்ல முடியுமா? புழு அகப்பட்டா, இருக்குன்னு நிச்சயமாச் சொல்லலாம். அகப்படலேன்னா, நான் குத்துன இடத்துல இல்ல. அவ்வளவுதான் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம்" என்றார். ஊசி பின்பக்கமாகப் போகிறதாம். சுரப்பியின் முன்பக்கத்தில் நோய் இருந்தால் விரலுக்கும் தட்டுப்படாது, ஊசிக்கும் எட்டாமல் போகலாமாம். "எண் ஏறிக்கிட்டே போகுதும்மா. இந்த மனுஷன் வராம இருந்துட்டாருன்னா எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

வெளியே வந்து, போன வருடம் உட்கார்ந்த அதே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். நீங்கள் முதல் கடிதத்திலிருந்து ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியேதான் எழுதியிருக்கிறீர்கள். நான்தான் ரிப்போர்ட்டில் எனக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டேன்.

மூன்றாவது சோதனைக்குப் போங்கள். ஆஸ்பத்திரியை விடாதீர்கள்.

ரோஸ்லின் அம்மா


அம்பத்தூர்,
30.11.1997

அன்புள்ள மேரிக்கு,

நீ சொன்னபடி போனேன். ஆகஸ்டில் எண் இருபத்திரண்டு. டிசம்பரில் மூன்றாவது பயாப்ஸி என்று தேதி கொடுத்தார்கள். அதற்குள் இந்த மாதம் எட்டாம் தேதி எனக்கு மூத்திரம் அடியோடு நின்றுவிட்டது. வயிறு கல்லாகிவிட்டது. எத்திராஜும் அவர் சம்சாரம் பார்வதமும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனார்கள். குழாய் விட்டார்கள். நாலு நாள் கழித்து, முன்வழியாகவே கருவி விட்டு அடைப்பைச் சுரண்டி எடுத்தார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று எத்திராஜிடம் நான்தான் சொன்னேன். நிச்சயமாக ஒன்று தெரியாமல் இனி உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன்.

சுரண்டி எடுத்த துணுக்குகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். கேன்சர்தான். முன்பக்கத்தில் இருந்திருக்கிறது. பன்னிரண்டு ஊசியும் படாத இடம்.

டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார். அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? "அப்பாடா, இனி மேரி நம்புவாள்." நோய் என்பதும் சாவு என்பதும் அதற்குப் பிறகுதான் வந்தன. நம்ப வைப்பதற்குக் கேன்சர் வந்ததில் நிம்மதிப்படுகிற ஒருவன் இருப்பானா? அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்க முடியாமல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். உன்னைத் தவிர யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பு எலும்பில் பரவியிருக்கிறது. முழுக்கக் குணமாக்க முடியாதாம், அடக்கி வைக்கலாமாம். இந்த நோய்க்கு ஆண் சுரப்புதான் தீனி என்கிறார் டாக்டர். அது ஊறுகிற இடம் இரண்டையும் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் நோய் அடங்கும், சில வருடம் கிடைக்கலாம். எந்த இரண்டு என்று என்னால் எழுத முடியவில்லை. உனக்குப் புரியும். டிசம்பர் பத்தாம் தேதி புதன்கிழமை என்று வைத்திருக்கிறார்கள்.

மனைவி இருக்கும்போது அவள் கையெழுத்து இல்லாமல் இதைச் செய்ய மாட்டாராம். பத்து வருடமாகத் தனியாக இருக்கிறோம், அவளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "சட்டத்துக்கு இல்லே, பிரகாசம். நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் என்னைக் கேட்கக் கூடாது" என்றார். என்னோடு வாழாத ஒருத்தியிடம், என்னை ஆண்பிள்ளை இல்லாமல் ஆக்கச் சம்மதம் கொடு என்று கேட்கிறேன். அறுபது வயதில் அதற்கு என்ன அவசியம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது மேரி. உன் முன்னால்தான் அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை இந்த உறைக்குள் வைத்து ஒட்டினேன். பிறகு பிரித்து எடுத்துவிட்டேன். ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வேண்டுமென்றால் சொல், அனுப்புகிறேன். நீ வர முடியாது என்றாலும் ஒரு வரி எழுது. டாக்டரிடம் வேறு வழி கேட்கிறேன்.

இப்படிக்கு,
பிரகாசம்


ஐயப்பன்தாங்கல்,
4.12.1997

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வகுப்பில் இருக்கும்போது வந்தது. பிள்ளைகளைப் பட்டனுக்குக் காஜா எடுக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்ப் படித்தேன். ஜெராக்ஸ் வேண்டாம். டாக்டரிடமும் நான் தனியாகப் போய்க் கேட்கப் போவதில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அது போதும்.

புதன்கிழமை காலை வருகிறேன். கையெழுத்துப் போடுகிறேன். இதில் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. நீங்கள் வெட்கப்படவும் ஒன்றும் இல்லை என்று எழுதலாம்தான், ஆனால் எழுதுவதால் போகிற வெட்கமா அது.

வேட்டி விஷயத்தை ரோஸ்லினிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்று நீங்கள் கேட்டீர்கள்; ஆறு மாதம் சொல்லாமல் இருந்ததே தப்பு என்று இப்போது நினைக்கிறேன். "தொட்டிக்குப் பின்னாடி தனியாவாம்மா நின்னாரு?" என்று கேட்டாள். மாப்பிள்ளையும் அவளும் ஆபரேஷன் அன்று வருகிறார்கள்.

தையல் பிரிக்கும் வரை அந்த வரிசை வீட்டில் உங்களால் இருக்க முடியாது. இங்கே வாருங்கள். ரோஸ்லின் போன பிறகு முன்னறை சும்மாதான் கிடக்கிறது. கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கதவில் தாழ்ப்பாள் சரியாக விழாது, நான் ஒருத்திதானே என்று விட்டுவிட்டேன். நாளைக்கு ஆசாரி வந்து மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதினோரு மாதத்தை நான் மறக்கவில்லை. நோய் வந்துவிட்டது, அதனால் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நான் பொய் எழுதுகிறவள் ஆவேன். தையல் பிரித்த பிறகு நீங்கள் இங்கேயே இருப்பதா, போவதா என்பதை அப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம். இப்போது எனக்கும் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அப்படியே பஸ் ஏறி அம்பத்தூர் வந்தேன். கையில் உங்களுக்காக மீன் குழம்பு இருந்தது. உங்கள் தெருமுனை வரை வந்தேன். நீங்கள் வாளியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தீர்கள். மெலிந்து போய், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. உங்களுக்குப் பின்னால் இருந்த ஆள் உங்களைத் தாண்டி உள்ளே போனான். நீங்கள் வாளியை நகர்த்தி வழி விட்டீர்கள். நான் அங்கேயே திரும்பி வந்துவிட்டேன். என்னைப் பார்த்தால் உங்களுக்கு அவமானமாக இருக்கும், அதனால்தான் திரும்பினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. டாக்டரிடம் போய் உங்களைப் பற்றி அப்படிக் கேட்டுவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் முகம் இல்லை.

புதன்கிழமை திரும்பிப் போக மாட்டேன்.

சகாயமேரி